அளந்து ஊற்றுங்கள்

2021 மே முதல் வாரம். ராத்திரி பத்தரை மணிக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் போன் செய்தான்.

'மாமா, அப்பாவைத் திருச்சியில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். பிளாஸ்மா கொண்டு வாங்கோன்னுட்டா. பி பாசிட்டிவ். கோவிட் வந்து தேறினவா யாராவது தெரியுமா?'

பத்துப் பேருக்கு வாட்ஸப் அனுப்பினேன். ஒரு நல்ல மனிதர் அகப்பட்டார். மறுநாள் காலை காவிரிப் பாலம் தாண்டிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். சாயங்காலம் பையனிடம் கேட்டேன், 'அதுல ஆன்டிபாடி எத்தனை இருந்ததாம்?'

'எத்தனையா? குரூப் மேட்ச் ஆச்சு மாமா. அது போறாதா?'

போறாது. இந்த வாரக் கோபம் அதைப் பற்றித்தான்.

பிளாஸ்மா என்பது ரத்தத்தில் அணுக்களை நீக்கினால் மிஞ்சும் மஞ்சள் திரவம். நோயிலிருந்து தேறியவரின் பிளாஸ்மாவில் வைரஸை முடக்கும் ஆன்டிபாடி இருக்கலாம். 'லாம்' முக்கியம். சிலருக்கு ஏராளம், சிலருக்குப் பேருக்கு. எவ்வளவு என்று அறிய 'டைட்டர்' பார்க்க வேண்டும். ஃபில்டர் காப்பி குடிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். டிகாக்‌ஷனில் தண்ணீர் விட்டுக்கொண்டே போகிறீர்கள். ஒரு பங்கு நாற்பது பங்காகும் வரை கசப்பு தெரிந்து, அதற்கு மேல் தெரியாவிட்டால் அதன் டைட்டர் 1:40. ஆய்வுக்கூடத்தில் கசப்புக்குப் பதில் வைரஸ். எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் பிளாஸ்மா அதைத் தடுக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இது புதுசு இல்லை. பேரிங்கும் கிடசாட்டோவும் 1890-ல் டிப்தீரியாவுக்கு சீரம் வைத்தியத்தைக் காட்டினார்கள். சீரம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறுகிறதே என்று பால் எர்லிக் 1897-ல் அதை அளக்க யூனிட் வகுத்தார். மருந்து வெற்றி பெற்றதில் அந்த அளவுகோலுக்குப் பெரிய பங்கு உண்டு.

நாம் என்ன செய்தோம்? 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து 'பிளாசிட்' என்று ஒரு நல்ல பரிசோதனை நடத்தியது. பாதிப் பேருக்கு 200 மில்லி வீதம் இரண்டு முறை பிளாஸ்மா, மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதம், பெறாதவர்களில் 18. நம்பகமான டெஸ்ட் அப்போது கைவசம் இல்லாததால், முதலில் கொடுத்துவிட்டு, சேமித்த மாதிரிகளைப் பிறகுதான் அளந்தார்கள். கொடுத்தவர்களின் நடு அளவு 1:40. படுக்கையில் இருந்தவர்களில் 83 சதவீதத்தினருக்கு ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்தது. அவர்களின் நடு அளவு 1:90!

அதாவது, ஸ்ட்ராங் காப்பியில் கழுநீரை ஊற்றியிருக்கிறோம்.

2020 ஏப்ரலில் இதை மன்னிக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியாத காலம். ஆனால் முடிவு அந்த அக்டோபரிலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்துவிட்டது. சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மாவை எடுத்தது 2021 மே 17-ல். இடையில் ஏழு மாதம், அதில் இரண்டாம் அலை. வாசலில் ஆம்புலன்ஸ் நிற்க, எத்தனை பிள்ளைகள் அப்பா பக்கத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் பிளாஸ்மா தேடி ஊரெல்லாம் அலைந்தார்கள்!

'உயிர் போற நேரத்துல அளவு பார்க்கறதா சார்?' என்பார்கள். அப்போதுதான் பார்க்க வேண்டும். அர்ஜென்டினாவில் 160 முதியவர்களுக்கு, அறிகுறி தோன்றி மூன்று நாளுக்குள், டைட்டர் அதிகமுள்ள பிளாஸ்மாவாகப் பார்த்துக் கொடுத்தபோது, நோய் தீவிரமானவர்கள் 31 சதவீதத்திலிருந்து 16 ஆனார்கள். அதே உயர்ந்த ரகத்தை பிரிட்டனில் 'ரெகவரி' ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேர்ந்த பதினோராயிரத்துச் சொச்சம் பேரை வைத்துச் சோதித்தபோது பலனில்லை. அளவும் வேண்டும், நேரமும் வேண்டும். நாம் கடைசி நேரத்தில், அளக்காததைத் தேடி ஓடினோம். அதே ரெகவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவு ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதை 2020 ஜூனிலேயே காட்டியது. அதற்கு யாரும் வாட்ஸப் அனுப்ப வேண்டியதில்லை.

பையனின் அப்பா பிழைத்துவிட்டார். அவருக்கு ஆக்சிஜனும் ஸ்டீராய்டும்கூடக் கொடுத்தார்கள். இருந்தும் பையன் இன்றுவரை பிளாஸ்மாவுக்குத்தான் நன்றி சொல்கிறான். நானும் மறுப்பதில்லை. அவன் நன்றியைப் பறிக்க எனக்கென்ன உரிமை? ஆனால் பிழைத்த ஒருவரை வைத்து மருந்தைத் தீர்மானிக்க முடியாது. அதை ஆஸ்பத்திரிகள் அறியும். அறிந்தும் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்த கொள்ளை நோய் வரும். அப்போதும் யாராவது பிளாஸ்மா கேட்பார்கள். தயவுசெய்து பையின் மேல், ரத்த குரூப்புக்குப் பக்கத்தில், ஆன்டிபாடி எத்தனை என்றும் அச்சடியுங்கள். பாலுக்கே லாக்டோமீட்டர் வைத்துப் பார்க்கிற ஊர் இது.