சுட்ட சூத்திரம் சுடும்

3டி கேம் எழுதப் பழகுற பசங்க நிறைய பேர் ஒரே இடத்துல தடுக்கி விழுறாங்க. பார்வைக் கோணம் கையில இருக்கு. குண்டு போக வேண்டிய திசை எக்ஸ், ஒய், இசட்னு மூணு கூறா வேணும். எங்கேயோ தேடி மூணு வரி சூத்திரத்தை எடுத்து ஒட்டுவாங்க. குண்டு பக்கவாட்டுல பறக்கும். "நமக்கும் கணக்குக்கும் ஆகாது"ன்னு மூட்டை கட்டிடுவாங்க.

என் கட்சி என்னன்னா, தப்பு கணக்குல இல்லீங்க. ஆளுக்கொரு மரபு வச்சிருக்கறதுலதான்.

கணக்கு ரொம்பச் சின்னது. பிட்ச்னா மேலே கீழே பார்க்குற கோணம். யான்னா இடவலமா திரும்புற கோணம். நீளம் 1 உள்ள குச்சியை பிட்ச் அளவுக்கு நிமிர்த்துங்க. உயரம் சைன்(பிட்ச்). உச்சி வெயில்ல தரையில விழுற நிழல் காஸ்(பிட்ச்). அந்த நிழலை காஸ்(யா)வாலயும் சைன்(யா)வாலயும் பெருக்கினா மத்த ரெண்டு கூறும் வந்தாச்சு. பத்தாங்கிளாஸ் முக்கோணவியல் போதும்.

அப்புறம் ஏன் உதைக்குது? 1999-ல மூலநிரல் வெளிவந்த குவேக்குல இசட்தான் மேல்திசை. உயரம் மைனஸ் சைன்(பிட்ச்). அதாவது பிட்ச் கூடினா கீழே பார்க்கும். மைன்கிராஃப்டுல ஒய்தான் மேல். யா 0ன்னா தெற்கே, இசட் பக்கம் பார்க்கும். யூனிட்டியில ஒய் மேல், அன்ரியல்லயும் பிளெண்டர்லயும் இசட் மேல். தனித்தனியா எல்லாமே சரி. கலந்தா சாம்பார்ல பாயசம்.

போதாக்குறைக்கு சி, ஜாவா, பைத்தான்ல சைனுக்கு ரேடியன்தான் கொடுக்கணும். டிகிரின்னு நினைச்சு 90 கொடுத்தா 1 வராது, 0.894 வரும். பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், அதான் ஆபத்து. "வெக்டர் நீளம் 1 வந்துடுச்சே"ன்னும் நம்பாதீங்க. அச்சு மாறினாலும், டிகிரியையே போட்டாலும் நீளம் 1தான் வரும்!

அதனால ஒட்டறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எந்த அச்சு மேல்? 0 எந்தப் பக்கம் பார்க்குது? எந்தப் பக்கம் திரும்பினா கோணம் கூடுது? அப்புறம் 0, 90 ரெண்டையும் போட்டு, நீங்க நினைச்ச திசை வருதான்னு பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை.

பாடம் எழுதுற புண்ணியவான்களுக்கும் ஒரு வேண்டுகோள். சூத்திரத்துக்கு மேலே இந்த மூணுக்கும் பதிலை ஒரே வரியில எழுதிடுங்க சாமி. அந்த ஒரு வரி இல்லாமத்தான், நல்லா கணக்கு வரக்கூடிய பசங்க தனக்கு வராதுன்னு நம்பிட்டு ஓடுறாங்க.