கேள்விக்குக் கேள்வி பதிலாகாது

வேலை எங்கே என்று ராகுல் காந்தி கேட்பது தேர்தல் அரசியல் என்கிறார்கள் அரசின் ஆதரவாளர்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்குகள் பெருகுவதே போதிய பதிலாம். போதாது. 19 பேர் உள்ள பட்டறையில் இருபதாவது ஆள் சேர்ந்ததும் வைப்பு நிதிச் சட்டம் பொருந்தும். பழைய தொழிலாளர்களும் புதுச் சந்தாதாரர்களாகிவிடுவார்கள். கூடியதோ ஒரே வேலை.

வேலையின்மையை நேரடியாக அளந்த 2017-18 தொழிலாளர் கணக்கெடுப்பு, அது 6.1 சதவீதம் என்றது. தேசியப் புள்ளியியல் ஆணையம் ஒப்புதல் தந்தும் அறிக்கை வெளிவரவில்லை. 2019 ஜனவரியில் பி.சி.மோகனனும் ஜே.வி.மீனாட்சியும் ஆணையத்திலிருந்து விலகினார்கள். அறிக்கை கசிந்ததும் அது வரைவுதான் என்றது நிதி ஆயோக். மக்களவைத் தேர்தல் முடிந்து மே 31 அன்று வந்ததும் அதே 6.1தான்! வேலை தேடி அலைந்த இளைஞர்கள் வாக்களிக்கும் முன்பே அதை அறிந்திருக்க வேண்டும். காங்கிரஸ் ஆட்சியின் குறைகளைத் தாராளமாகப் பேசுங்கள். அறிக்கையை நிறுத்திவைத்தது ஏன் என்பதையும் சொல்லுங்கள்.