பழுதுநீக்கிய பின்னும் நின்றுபோகும் வண்டி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பணிமனையிலிருந்து திரும்பிய மறுநாளே சிக்னலில் அணைந்து நின்றுவிட்டால், உரிமையாளர் இரண்டு முடிவுகளில் ஒன்றை எட்டுகிறார்: மெக்கானிக் ஏமாற்றிவிட்டார், அல்லது வண்டியின் காலம் முடிந்துவிட்டது. பெரும்பாலான வேளைகளில் இரண்டுமே தவறு. பழுது பார்த்தபோது எதைத் தொட்டார்களோ, அங்கேதான் புதிய பழுதை முதலில் தேட வேண்டும். இவ்வளவு எளிய செய்தி இந்தியப் பணிமனைகளில் ஏன் நடைமுறை ஆவதில்லை என்பதே கேள்வி.

சான் ஸ்டார்ம் காரை எடுத்துக்கொள்வோம். 1990களின் இறுதியில் கோவாவில் உருவான இருவர் இருக்கை கொண்ட வண்டி அது. கண்ணாடியிழை உடல், ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சின், ஏறத்தாழ 60 குதிரைத்திறன். இதையும் ஸ்போர்ட்ஸ் கார் என்பதா என்று கேட்போர் உண்டு. எடை குறைந்த, கூரை திறக்கும் வண்டியை மலைப்பாதையில் ஓட்டியவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

இரும்பு உடல் கொண்ட காரில் உடலே மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. கண்ணாடியிழையோ மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இத்தகைய வண்டிகளில் விளக்கு, எரிபொருள் பம்பு, மின்விசிறி என ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் வயர் வேண்டும். கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸை இறக்கும்போது எஞ்சினின் எர்த் பட்டையும் கழற்றப்படுகிறது. திரும்பப் பூட்டும்போது அது துருவின் மேலோ புதுப் பெயின்டின் மேலோ அமர்ந்துவிடக்கூடும். வண்டி கிளம்பும்; ஓடவும் செய்யும். ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கி, முகப்பு விளக்கும் எரியும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி தடுமாற, எஞ்சின் அணையும்.

அடுத்து நடப்பது ஊரறிந்த கதை. முதலில் ஸ்பார்க் பிளக், பின்னர் பம்பு, அதன்பின் காயில். எல்லாம் புதிது, நோய் மட்டும் பழையது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்து, ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது அளந்தால் போதும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இணைப்பில் குறை உண்டு. ஐந்து நிமிட வேலை.

எப்போது அணைகிறது என்பதும் பேசும். சூடேறியபின் அணைந்து, ஆறியதும் கிளம்பினால், கிராங்க் சென்சாரையோ காயிலையோ ஐயுறலாம். நெடுந்தூரம் ஓடியபின் நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் காற்று உள்ளிழுக்கப்படும் ஓசை கேட்டால், டேங்கின் காற்றுவழி அடைபட்டிருக்கிறது. வேகம் குறைத்து நிற்கும்போது மட்டும் அணைந்தால், ஐடிலைப் பேணும் வால்வையும் திரும்பப் பொருத்தாமல் விட்ட வாக்குவம் குழாயையும் பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றியதால் கணினி தன் ஐடில் அளவை மறந்து, சிறிது தூரம் ஓடியபின் தானே சரியாவதும் உண்டு.

மெக்கானிக்குகளுக்கு இவை தெரியாதவை அல்ல. தெரிந்ததைச் செய்வதற்குக் கூலி இல்லை என்பதே சிக்கல். இரண்டு மணி நேரம் தேடி, ஒரு போல்ட்டைச் சுரண்டிப் பூட்டியவருக்கு உரிமையாளர் எவ்வளவு தருவார்? புதுப் பம்பின் அட்டைப்பெட்டியைக் காட்டினால் ஆயிரக்கணக்கில் தருவார். பொருளுக்கு விலை, சிந்தனைக்கு இனாம் என்ற இந்த ஏற்பாட்டில், ஊகித்துப் பாகம் மாற்றுவதே பணிமனைக்கு லாபம். பழி மெக்கானிக்கின் மேல் விழுந்தாலும், அதில் பாதி பணம் கொடுப்பவருக்கும் உரியது. உதிரிபாகம் எளிதில் கிடைக்காத இத்தகைய வண்டிகள் ஓரிரு ஊகங்கள் பொய்த்ததும் கொட்டகைக்குள் தள்ளப்படுகின்றன. பெரும்பாலும் வெளியே வருவதில்லை.

பில்லில் சோதனைக் கட்டணம் என்றொரு வரி இருக்கட்டும். உரிமையாளரே அதைக் கேட்டு வாங்கட்டும். புதிய பம்புக்குச் சொல்லும் முன், வண்டியில் இருக்கும் பம்பின் அழுத்தத்தை அளந்து எழுதித் தரச் சொல்வதிலிருந்து இதைத் தொடங்கலாம்.