இலாடம் இல்லாத குதிரையும் அனுமதிப்பத்திரம் இல்லாத தொழிலும்

இங்கிலாந்தின் தென்மேற்கே சமர்செற் பகுதியில் வசிக்கும் என் மூத்த சகோதரியின் மகள் வீட்டில் அண்மையில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அவளுடைய மகள் குதிரையேற்றம் பழகுகிறாள். வீட்டிலிருந்து இரண்டு மைல் தொலைவிலுள்ள ஒரு பண்ணையில் அவர்களுக்கென்று ஒரு குதிரை நிற்கிறது. "மாமா, நாளைக்குக் குதிரைக்கு நகம் வெட்ட ஆள் வருவா. நீங்களும் வந்து பாருங்கோ" என்று மருமகள் அழைத்தபோது, வேறு வேலை இல்லாத காரணத்தினால்தான் புறப்பட்டேன். குதிரை என்றால் எனக்குத் தெரிந்த இடங்கள் இரண்டே. ஒன்று நுவரெலியாவின் பந்தயத் திடல், மற்றது நெடுந்தீவு. அன்று அந்தப் பண்ணையில் நான் கண்டவை, முப்பது ஆண்டுகளாக நான் செய்துவரும் தொழிலைப் பற்றியே என்னைச் சிந்திக்க வைத்தன. ஆகையால் இதனை எழுதுகிறேன்.

வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. வாகனத்தின் பின்புறத்தில் குறடு, அரம், வளைந்த கத்தி, குதிரையின் காலைத் தூக்கி வைப்பதற்கான ஒரு தாங்கி ஆகியவை மட்டுமே இருந்தன. உலை இல்லை, பட்டடை இல்லை, ஆணி இல்லை. இவர் இலாடம் அடிப்பவர் அல்லர். இலாடம் இல்லாமலே குதிரை நடக்கும்படி குளம்பைச் சீவிக் கொடுப்பவர். முதலில் குதிரையை நடக்கவிட்டுப் பார்த்தார். பின்னர் ஒவ்வொரு பாதத்தையும் முன்னிருந்தும் பக்கவாட்டிலும் அடியிலும் படம் பிடித்துத் திகதியிட்டுக் குறித்துக்கொண்டார். அதன் பிறகே அரத்தைக் கையில் எடுத்தார். குளம்பு மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது; மயிர்க்கோட்டில் தோன்றும் கொம்புப் பொருள் முன்நுனியில் தரையைத் தொட ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் ஆகும். அதற்கிடையில் குதிரைக்குக் காய்ச்சல் வந்ததும் தீவனம் மாறியதும் குளம்பில் வளையங்களாகப் பதிந்துவிடுகின்றன என்று விளக்கினார். ஒரு விலங்கு தன் காலிலேயே ஓராண்டு நாட்குறிப்பைச் சுமந்து திரிகிறது என்பது எனக்குப் புதிய செய்தி.

இலாடம் இன்றிக் குதிரை வளர்ப்பது நேற்றுத் தோன்றிய நாகரிகம் அன்று. ஆணியடித்த இலாடம் ஐரோப்பாவில் பரவலானது இடைக்காலத்திலேதான். கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் குறித்து எழுதிய கிரேக்கர் செனோபன், குளம்புகள் உறுதிப்படுவதற்காகக் கைக்கடக்கமான உருண்டைக் கற்களை நான்கைந்து வண்டி கொண்டுவந்து பரப்பி, அவற்றின்மீது குதிரையை நிறுத்தும்படி சொல்லியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய மிருக வைத்தியரான பிறேசி கிளார்க், குளம்பு விரிந்து சுருங்கும் தன்மையுடையது என்றும் ஆணியடித்த இரும்பு அதனைத் தடுக்கிறது என்றும் வாதிட்டார். அண்மைக் காலத்தில் இதனை ஓர் இயக்கமாக்கியவர்களுள் முக்கியமானவர் அமெரிக்கரான ஜேமி ஜாக்சன். இலாடம் அடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த அவர், 1980களில் அமெரிக்க மேற்கின் வறண்ட நிலங்களில் அலையும் காட்டுக் குதிரைகளின் பாதங்களை ஆராய்ந்து 1992இல் ஒரு நூலை வெளியிட்டார். அதன் பின்னரே குளம்பு சீவுதல் தனித் தொழிலாக வளர்ந்தது.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது நெடுந்தீவு நினைவுக்கு வந்தது. குறிகட்டுவானிலிருந்து படகேறிச் சென்றவர்கள் அங்குள்ள குதிரைகளைக் கண்டிருப்பார்கள். அந்நியர் ஆட்சிக் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. எவரும் இலாடம் அடிப்பதில்லை, எவரும் சீவுவதுமில்லை. சுண்ணாம்புக் கல் நிறைந்த அந்தத் தரையே அவற்றுக்கு அரம். இதனை நான் பெருமையுடன் அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அவற்றில் எத்தனை முதுமை வரை வாழ்கின்றன?" என்னிடம் பதில் இல்லை. கடும் வறட்சிக் காலங்களில் குடிக்க நீரின்றி அக்குதிரைகள் மடிந்ததைச் செய்தியாக்கியவர்களுள் நானும் ஒருவன். இயற்கை நொண்டும் குதிரையைக் குணப்படுத்துவதில்லை, கழித்துவிடுகிறது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவுஸ்திரேலியக் காட்டுக் குதிரைகளின் பாதங்களை ஆராய்ந்தபோது, அவற்றிலும் நோயின் அடையாளங்களைக் கண்டார்கள். காட்டில் உள்ளது எல்லாம் நல்லது என்று நம்புபவர் இத்தொழிலுக்கு ஏற்றவர் அல்லர் என்று அந்தப் பெண்மணி சொன்னதை நான் மதிக்கிறேன்.

தொழிலாகப் பார்த்தால் இது இலகுவானது அன்று. ஒவ்வொரு குதிரையையும் நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டணம் இலாடம் அடிப்பதைவிடக் குறைவு. எரிபொருட் செலவோ எல்லோருக்கும் ஒன்று. ஆகவே ஒரே திசையிலுள்ள பண்ணைகளை ஒரே நாளில் அடுக்கிக்கொள்ளாவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது. மழையிலும் சேற்றிலும் குனிந்து நின்று முதுகு தேய்கிறது. ஓர் உதை போதும், சில மாதங்களுக்கு வருமானம் நின்றுவிடும். எனினும் இவை எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் வேறொன்று. சீவுபவர் குதிரையிடம் இருப்பது ஆறு வாரங்களில் ஒரு மணி நேரம். எஞ்சிய நேரமெல்லாம் அதன் பாதத்தைத் தீர்மானிப்பது அது உண்ணும் புல்லும் நிற்கும் தரையும் நடக்கும் தூரமுமே. சர்க்கரை நிறைந்த இளவேனிற் புல்லைத் தின்று கொழுத்த குதிரைக்கு எத்தனை திறமையாகச் சீவினாலும் பயனில்லை. ஆனால் குதிரை நொண்டினால் பழி அரம் பிடித்தவர் மேலேயே விழும்.

அன்று நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். எங்கள் குதிரையின் வேலை முடிந்ததும் அதே பண்ணையில் குதிரை வைத்திருக்கும் இன்னொருவர் வந்து, தன் குதிரை இரண்டு நாட்களாகத் தயங்கித் தயங்கி நடக்கிறது, இலாடத்தைக் கழற்றிச் சீவிவிட்டால் சரியாகிவிடும் என்று கேட்டார். குதிரை தன் பாரத்தைப் பின்னங்கால்களில் தாங்கிக்கொண்டு நின்றது. பெண்மணி முன்னங்குளம்புகளைத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தன. குளம்புக்கு மேலே நாடி பலமாக அடித்தது. லமினைட்டிஸ் என்னும் நோய் அப்படித் தொடங்கலாம். குளம்புச் சுவரை உள்ளேயுள்ள எலும்போடு பிணைத்திருக்கும் மெல்லிய படலங்கள் அழற்சியுறும் நோய் அது. முற்றினால் எலும்பே இடம்பெயர்ந்துவிடும். "இன்றைக்கு நான் கத்தி வைக்க மாட்டேன். இப்போதே மிருக வைத்தியரை அழையுங்கள். அவர் படம் எடுத்துப் பார்த்துச் சொன்ன பிறகு, அவர் சொல்கிறபடி வருகிறேன்" என்றார். கேட்டவருக்குக் கோபம். இதைவிடக் குறைந்த கட்டணத்தில், இத்தனை கேள்வி கேட்காமல் செய்து தர ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வாகனத்தில் ஏறும்போது அந்தப் பெண்மணி சொன்னார்: "அவர் சொல்வது உண்மை. ஆள் இருக்கிறது. வருகிறவரை எந்தச் சட்டமும் தடுக்காது."

வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் இலாடம் அடிக்கும் தொழில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பயிலுநராக இருந்து, தேர்வெழுதித் தம்மைப் பதிவு செய்தவர்தாம் அத்தொழிலைச் செய்யலாம். ஆனால் அச்சட்டத்தின் வரைவிலக்கணம் இலாடத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது. இலாடம் பொருத்துவதற்காகக் குளம்பைச் சீவினால் பதிவு வேண்டும். இலாடமின்றி விடுவதற்காகச் சீவினால் வேண்டியதில்லை. அதே குளம்பு, அதே அரம். நோயை நிர்ணயிக்கும் உரிமை மிருக வைத்தியருக்கு மட்டுமே உண்டு. விலங்கை வதைத்தால் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் பாயும். பயிற்சியளித்துத் தேர்வு நடத்தும் சங்கங்கள் இருக்கின்றன. நல்லவர்கள் அவற்றில் சேர்கிறார்கள். சேர வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

இங்கேதான் எனக்குச் சங்கடம் ஏற்படுகிறது. நானும் அனுமதிப்பத்திரம் இல்லாத தொழிலைச் செய்பவன். எங்கள் நாட்டில் பத்திரிகையாளனுக்கு அரசு அனுமதிப்பத்திரம் வழங்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எதிர்த்து எழுதியவன். யார் எழுதலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஆட்சியாளரிடம் சென்றால் எழுத்து செத்துவிடும் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் எங்கள் சுதந்திரத்தின் விலையை நாங்கள் எப்போதும் நாங்களே கொடுக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இளம் வயதில், போதிய விசாரணையின்றி நான் எழுதிய ஒரு செய்தியால் ஒரு சிறு வியாபாரி தன் வாடிக்கையாளர்களை இழந்தார். செய்தி முதற் பக்கத்தில் வந்தது; திருத்தம் ஆறாம் பக்கத்தின் மூலையில் வந்தது. போட்டிப் பத்திரிகை முந்திவிடும் என்ற அச்சத்தில் அன்று நான் மறுக்கவேண்டியதை மறுக்கவில்லை. அந்தப் பெண்மணி மறுத்தார்; ஒரு வாடிக்கையாளரை இழந்தார். இரண்டு தொழிலிலும் நேர்மை என்பது வேலையை ஏற்பதில் அல்ல, மறுப்பதில்தான் சோதிக்கப்படுகிறது.

அப்படியானால் குளம்பு சீவுபவருக்கும் அனுமதிப்பத்திரம் கூடாது என்றுதானே நான் சொல்ல வேண்டும் என வாசகர்கள் கேட்கலாம். இல்லை. அவருக்குக் கட்டாயப் பதிவு வேண்டும் என்பதே என் கருத்து. தவறான செய்தியால் பாதிக்கப்பட்டவர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார், நீதிமன்றம் செல்வார், குறைந்தபட்சம் என்னைத் தெருவில் கண்டால் திட்டுவார். அந்த வியாபாரி அதைச் செய்தார். குதிரை எதையும் செய்யாது. வலியை மறைத்து நிற்பது அதன் இயல்பு. வாய் இல்லாத உயிரின் உடலில் கத்தி வைப்பவர் தாம் கற்றவர் என்பதை யாருக்காவது நிரூபித்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பதிவு இலாடம் அடிப்பவர்களின் கையில் மட்டும் கொடுக்கப்படக்கூடாது. ஒரு தொழிலின் வாசலைக் காக்கும் பொறுப்பை அதன் போட்டியாளரிடம் ஒப்படைத்தால் வாசல் திறக்காது. மிருக வைத்தியர்களும் இரு தொழிலாரும் குதிரை வளர்ப்போரும் அமர்ந்திருக்கும் ஒரு சபை போதும். அது கேட்க வேண்டியவை அதிகமில்லை: தேர்வு செய்யப்பட்ட பயிற்சி, காப்புறுதி, திகதியிட்ட பதிவேடு, முறைப்பாட்டை விசாரிக்க ஓர் இடம். எந்த முறையில் சீவ வேண்டும் என்று அது கட்டளையிடத் தேவையில்லை. இலாடம் தேவைப்படும் குதிரையும் உண்டு, தேவைப்படாத குதிரையும் உண்டு. அந்த விவாதம் நடந்துகொண்டே இருக்கட்டும்.

பத்து நாட்களின் பின் மருமகளிடம் அந்த மற்றக் குதிரையைப் பற்றி விசாரித்தேன். உரிமையாளர் வேறொருவரை அழைத்துச் சீவுவித்தாராம். குதிரை எழுந்து நிற்க மறுத்த பிறகே மிருக வைத்தியர் அழைக்கப்பட்டாராம். பிழைத்துவிடும், ஆனால் மாதக்கணக்கில் தொழுவத்தை விட்டு வெளியே வராது என்றாள். சீவிவிட்டுப் போனவரின் பெயர் அங்கே எவருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு தொலைபேசி இலக்கம் மட்டுமே இருந்தது; அழைத்தால் எவரும் எடுக்கவில்லை.