வழி தவறுவதும் தலைகீழாவதும் ஒன்றா?

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம், கொழும்பில் இறங்குவதற்கு முன்பே நம் சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேர் மாண்டார்கள். அந்தச் சாவுகளைத்தான், இந்த ஏட்டில் எழுதிய நண்பர் தம் வாதத்துக்கு முட்டுக்கொடுக்க இழுத்துவந்திருக்கிறார். கருவிகள் இருந்தும் மோதியதாம்; ஆகவே விமானத்தின் சாய்வைக் காட்டும் அடிவானங்காட்டிகளை மாற்றி மாற்றி வடிவமைப்பது வீண் செலவாம்; கைதேர்ந்த விமானிக்கு உடம்பே சொல்லிவிடுமாம்.

அந்த விமானிகளுக்கு எது மேல், எது கீழ் என்பதில் குழப்பமே இல்லை. எங்கே இருக்கிறோம் என்பதைத்தான் தப்பாகக் கணித்தார்கள். விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணி, மலைநாட்டுக்கு மேலேயே உயரத்தைக் குறைத்தார்கள். ஹட்டன் பஸ் வழி தவறி வேறெங்கோ போனால் பிரேக்கையா குறை சொல்வீர்கள்?

அடிவானங்காட்டி ஏமாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு 1978 ஜனவரி 1ஆம் திகதி பம்பாய் இருக்கிறது. ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' விமானம் இரவில் கடலுக்கு மேலே வலப்பக்கம் திரும்பி மட்டத்துக்கு வந்தது. கெப்டனின் கருவி மட்டும் வலச்சாய்வையே காட்டிக்கொண்டிருந்தது. அவர் இடப்பக்கம் சாய்த்தார், சாய்த்துக்கொண்டே போனார். விமானப் பொறியாளர் வேறொரு கருவியைப் பார்க்கச் சொல்ல முயன்றும் பலனில்லை. 213 பேரும் இறந்தார்கள். கெப்டன் நீண்ட அனுபவசாலி. உடம்பு சொல்லிவிடும் என்கிறீர்களே, அன்று அந்த உடம்பு ஏன் வாய் திறக்கவில்லை?

திறக்காது. காதுக்குள் உள்ள அரைவட்டக் குழாய்களின் திரவம் மெதுவான சாய்வை உணராது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் திரும்புகிற உணர்வே அற்றுப்போகும். நேராக்கியதும் எதிர்ப்பக்கம் சாய்வதாகப் பொய் சொல்லும். பயிற்சியால் இந்தப் பொய் நிற்காது. அதை நம்பாமலிருக்கத்தான் பயிற்சி.

வடிவமைப்பு வெறும் அலங்காரம் என்பது அடுத்த அபத்தம். மேலைநாட்டுக் கருவியில் விமானச் சின்னம் அசையாது, அடிவானக் கோடு சாயும். பழைய சோவியத் கருவியில் கோடு சாயாது, சின்னம் சாயும். 2008 செப்டம்பரில் ரஷ்யாவின் பெர்ம் நகரில் போயிங் 737 விழுந்து 88 பேர் இறந்தபோது, விமானிகள் முன்பு பழகிய கருவியின் இந்த வேறுபாட்டையும் விசாரணை அறிக்கை காரணங்களில் சேர்த்தது. (கெப்டனின் உடலில் மது இருந்ததையும் அது மறைக்கவில்லை.)

விமானியாகும் கனவோடு படிக்கும் பிள்ளைகள் வாசிக்கிற ஏட்டில் 'உடம்பை நம்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த இதழிலேயே அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள்.