பதினொரு விநாடி

பாட்டி உளியைத் தீட்டியது நான்கு நிமிடம். கல்லில் தண்ணீர் தெளித்து, வளைந்த முனையை ஒரு பக்கம் இழுத்து, மறு பக்கம் திருப்பி, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடி தண்ணீர் தெளித்தார். ரப்பர் மரத்தைச் சீவி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் கை மறக்கவில்லை. நாங்கள் அந்த நான்கு நிமிடத்தை ஆறு விநாடி ஆக்கினோம். உளி கல்லில் படும் ஒவ்வொரு உரசலுக்கும் ஒரு டிரம் அடி வைத்தோம். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தொல்லை.

மலேசியாவில், காம்பாரிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு திரியும் நாங்கள் ஐந்து பேர். சங்கம் எதுவும் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஒருவர் லென்ஸ் இன்னொருவர் பையில் கிடக்கும். இங்கே எழுதுவது ஐவருக்கும் பொதுவான குற்ற ஒப்புதல். "நான் இல்லை, அவன்" என்று நழுவ யாருக்கும் வழியில்லை. பாட்டியை ஒருவர் படமெடுத்தார், ஒருவர் வெட்டினார், ஒருவர் இசை போட்டார், மற்ற இருவரும் குழுவில் நெருப்புப் படம் போட்டுப் பாராட்டினோம்.

அந்தக் காணொளி 2022-இல் எடுத்தது. பாட்டி இருந்த தோட்டம் இப்போது செம்பனை. லயங்கள் இருந்த இடத்தில் ஒரு மாமரமும் கோயில் மேடையும் மட்டும் மிச்சம். பாட்டி டவுன் ஓரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். பின்கட்டில் கோழி வளர்க்கிறார். தீபாவளிக்கு ஒரு காணொளி போடலாம் என்று போனோம். இரண்டு மணி பத்து நிமிடம் பேசினார். விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போனது, குளிரில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டோடு நிரையில் ஏறியது, உளி ஆழமாகப் பட்டு மரம் காயப்பட்டால் கங்காணி ஏசியது, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மார்பு கட்டிக்கொண்டு பால் வாளி சுமந்தது. எல்லாவற்றையும் ஒரே சீரான குரலில் சொன்னார்.

நடுவில் ஒருவர் கேட்டார்: "தோட்டத்து வாழ்க்கை நல்லா இருந்துச்சா பாட்டி?"

"நல்லாத்தான் இருந்தோம்."

அப்புறம் பாட்டி பேசவில்லை. உளியைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். வேலிப் பக்கம் பார்த்தார். ஒரு சேவல் கூவியது. பிறகு, குரலை இறக்கி, "...னு சொல்லிக்கிட்டாத்தானே தம்பி தூக்கம் வரும்" என்றார்.

எங்கள் கணினியில் மௌனத்தைத் தானாகவே கண்டுபிடித்து வெட்டும் வசதி இருக்கிறது. அரை விநாடிக்கு மேல் சத்தம் இல்லையென்றால் அது 'செத்த இடம்'. தொழிலில் அப்படித்தான் சொல்வோம். பொத்தானை அழுத்தினால் இரண்டு மணி நேரப் பேச்சிலிருந்து மூச்சு, தயக்கம், 'ம்', கோழிச் சத்தம் எல்லாம் உதிர்ந்துவிடும். பாட்டியின் இறங்கிய குரல் தெளிவில்லை என்று அந்தப் பின்பாதியையும் எடுத்துவிட்டோம். "நல்லாத்தான் இருந்தோம்" மட்டும் நின்றது. சரியாக அந்தச் சொல்லில் இசை வெடித்துக் கிளம்பும்படி வைத்தோம். மொத்தம் 38 விநாடி.

ஓடியது. நாங்கள் போட்டதிலேயே அதிகம் ஓடியது அதுதான். "அந்தக் காலமே பொற்காலம்", "இப்ப யாருக்கு இந்த மனசு வரும்" என்று எழுதினார்கள். நாங்களும் கைகூப்பும் படத்தைப் பதிலாகப் போட்டுக்கொண்டே இருந்தோம்.

அடுத்த வாரம் ஈப்போவில் ஒரு கல்யாணம். வன்தட்டு நிரம்பியிருந்தது. பாட்டியின் அசல் பதிவை அழிக்கட்டுமா என்று குழுவில் கேள்வி வந்தது. ஒருவர் கட்டைவிரலை உயர்த்திவிட்டார். யார் என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் அவர் உயர்த்தாவிட்டால் எங்களில் இன்னொருவர் உயர்த்தியிருப்பார்.

பாட்டியின் மகன் போன் செய்தது அதற்குச் சில மாதம் கழித்து. கோபம் இல்லை. "அம்மா தோட்டத்தைப் பத்தி அப்படி மொட்டையாச் சொல்ல மாட்டாங்களே அண்ணே. அதுக்கப்புறம் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். படம் போய்விட்டது, வெட்டுக் கணக்கு மட்டும் கணினியில் இருந்தது. திறந்தோம். துண்டுகள் எல்லாம் சிவப்புக் கட்டங்களாக, கோப்பு காணவில்லை என்ற அறிவிப்போடு வரிசையாக நின்றன. ஒரு துண்டு ஒரு மணி 12 நிமிடம் 7 விநாடியில் முடிகிறது. அடுத்த துண்டு, நாங்கள் அணைத்து வைத்த துண்டு, ஒரு மணி 12 நிமிடம் 18 விநாடியில் தொடங்குகிறது. இடையில் பதினொரு விநாடி. அன்று காதில் ஹெட்போன் மாட்டியிருந்தவருக்குத்தான் சேவலும் அந்தப் பின்பாதியும் ஞாபகம் இருந்தன. மகனிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் அவரும் பேசவில்லை. அதையும் இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறோம்.

சாக்குச் சொல்ல எங்களுக்கு நன்றாகத் தெரியும். வேகத்தை நாங்களா கண்டுபிடித்தோம்? 1960-இல் வெளிவந்த தன் முதல் முழுநீளப் படம் நீண்டுவிட்டது என்று இயக்குநர் கொடார் காட்சிக்கு நடுவிலேயே கத்தரி போட்டார். அந்தத் துள்ளல் ஒரு பாணியாகிவிட்டது. 1981-இல் எம்டிவி வந்து பாட்டின் தாளத்துக்குப் படத்தை ஆட வைத்தது. 2003-இல் 'காக்க காக்க' பார்த்துவிட்டு வந்த எங்களில் இருவர், படத்தொகுப்பாளர் ஆண்டனியின் பெயரை ஹீரோ பெயர் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தோம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு உளவியல் பேராசிரியர் ஹாலிவுட் படங்களின் ஷாட்டுகளை அளந்திருக்கிறார்: 1930 வாக்கில் ஒரு ஷாட் சராசரியாக 12 விநாடி நின்றது, அவர் அளந்தபோது இரண்டரை விநாடியாகியிருந்தது. அவர் பெயர் ஜேம்ஸ் கட்டிங். எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பிலிம் காலத்தில் ஒரு வெட்டுக்குக் கத்தியும் ஒட்டுநாடாவும் வேண்டும். தவறாக வெட்டினால் திரும்ப ஒட்ட வேண்டும், ஆகவே யோசித்து வெட்டினார்கள். இன்று வெட்டுக்குக் காசும் இல்லை, உடல் நோவும் இல்லை. கேப்கட் வந்த பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை பேருந்தில் உட்கார்ந்து நூறு வெட்டு வெட்டுகிறது. மனித மூளையையும் சாட்சிக்கு அழைப்போம். திடீரென்று ஏதாவது மாறினால் 'அது என்ன?' என்று தலை தானாகத் திரும்பும் அனிச்சையைப் பாவ்லோவ் எப்போதோ எழுதிவிட்டார். விடியலில் நிரைக்குள் சருகு சலசலத்தால் பாட்டி திரும்பியிருப்பார், பாம்போ பன்றியோ என்று. ஒவ்வொரு வெட்டும் அப்படி ஒரு சருகுச் சத்தம். மூன்று விநாடிக்கு ஒருமுறை உங்களைப் பாம்புக்குப் பயப்படுத்தி உட்கார வைக்கிறோம். பாம்பு வருவதேயில்லை.

ஆனால் உண்மையில் எங்களை ஆட்டிவைத்தது ஒரு கோடு. யூடியூப் தரும் வரைபடம், எத்தனை பேர் எந்த விநாடிவரை நின்றார்கள் என்று காட்டுவது. முதல் முப்பது விநாடியில் அது சரியும். சரியும் இடத்தில் போய்ப் பார்த்தால் அங்கே யாராவது மூச்சு விட்டிருப்பார்கள். அடுத்த காணொளியில் அந்த மூச்சை எடுத்துவிடுவோம். கோடு கொஞ்சம் நிமிரும். இப்படியே வருடக்கணக்கில் எங்கள் ஊர்க்காரர்களின் மூச்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். ஊர் வரலாற்றையும் விடவில்லை. ஜப்பானியரை எதிர்த்த காம்பார்ச் சண்டை 1941 டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை நான்கு நாள் நடந்தது. இந்தியச் சிப்பாய்கள் பலர் இந்த ஊர் மேட்டில் விழுந்தார்கள். எங்கள் கையில் அது அரை நிமிடம், வெடிச்சத்தம் தரவிறக்கியது.

எல்லாவற்றையும் வேகப்படுத்தினோம் என்று சொன்னால் அதுவும் பொய். காம்பார் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு ரொட்டிக்குள் வைத்த கோழிக்கறி. பெரிய பன் மாதிரி வரும், மேலே கத்தரித்துத் திறந்தால் உள்ளே காகிதப் பொதியில் கறி, ஆவி பறக்கும். அந்த ஆவிக்கு நாங்கள் விநாடிக்கு 120 பிரேம் கொடுப்போம். மெதுவாக, மிக மெதுவாக எழும்பும். பூஜாங் மலாக்கா மலைமேல் மேகம் ஊர்வதற்கும் அதே மரியாதை. அந்த டிரோன் காட்சி இல்லாத கல்யாண வீடியோ இந்த வட்டாரத்தில் இல்லை, மாப்பிள்ளை எந்த ஊராக இருந்தாலும். பேசும் மனிதருக்கு மட்டும் பொறுமை இல்லை.

எங்களுக்கு முன்னால் இந்தத் தொழிலைச் செய்த அண்ணன்களை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம்! தோளில் பெரிய விஎச்எஸ் கேமரா, கூடவே கண்ணைக் கூச வைக்கும் விளக்கு, அதைப் பிடிக்க ஒரு பையன். கல்யாணம் ஒன்றுக்கு மூன்று மணி நேர நாடா. பந்தியில் ஒவ்வொரு இலையாகப் போவார்கள். ஆள் சாப்பாட்டை மெல்வார், கேமராவைப் பார்த்து வெட்கப்படுவார், விளக்குச் சூட்டில் வியர்ப்பார், கேமரா நகராது. மொய் எழுதும் மேசையை இருபது நிமிடம் எடுப்பார்கள். இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று சிரித்தோம்.

இப்போது அந்த நாடாக்களைத்தான் பெட்டி பெட்டியாக எங்களிடம் கொண்டுவருகிறார்கள், கணினிக்கு மாற்றித் தரச் சொல்லி. மணமக்களை யாரும் தேடவில்லை. "பந்தி வர்ற இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க அண்ணே, எங்கப்பா இருப்பாரு" என்கிறார்கள். ஒரு பெண் வந்திருந்தார், அப்பா இறக்கும்போது அவருக்கு மூன்று வயது. 1994 கல்யாண நாடா. அப்பா ரசம் ஊற்றச் சொல்லி இலையில் குழி பறிக்கிறார், பக்கத்தில் இருப்பவர் ஏதோ சொல்ல, மெதுவாகச் சிரிக்கிறார். பத்தொன்பது விநாடி. அந்தப் பெண் அதை எங்கள் கடையில் நின்றுகொண்டே ஏழு முறை பார்த்தார். நாங்கள் எடுக்கும் கல்யாணத்தில் அப்படி ஒரு அப்பா கிடைப்பாரா? அன்றைக்கே வெட்டி அன்றிரவே விருந்தில் போடும் மூன்று நிமிடப் படத்தில் விருந்தாளிகள் ஒருவருக்கு அரை விநாடி தருகிறோம், அதுவும் அவர் கை தட்டினால்.

மெதுவாகப் போட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்கவும் எங்களுக்கு வாய் இல்லை. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஊரே பூட்டிக் கிடந்தபோது, ஈப்போவுக்கு அந்தப் பக்கம் சுங்கை சிப்புட்டிலிருந்து நம் ஆட்கள் ஒரு தம்பதி சமைத்துக் காட்டினார்கள். சாதாரண அடுப்படி. அந்த அம்மா மலாயில் நிதானமாகப் பேசினார், வெங்காயம் வதங்குகிறவரை காத்திருந்தார். நாடே பார்த்தது. நாங்கள் பார்த்துவிட்டு என்ன சொன்னோம் தெரியுமா? "லைட்டிங் சரியில்லை." நான்கு வருடம் கழித்து யூடியூபர் மிஸ்டர் பீஸ்ட், உலகத்திலேயே வேகமாக வெட்டியவர்களில் ஒருவர், கத்தலைக் குறைத்து, காட்சிகளை நிற்க விட்டபோது பார்வை கூடியது என்று எழுதினார். அதை மட்டும் குழுவில் பகிர்ந்து "பாயிண்ட்" என்றோம். சுங்கை சிப்புட் அக்கா காட்டியபோது கண்ணில் படாதது, அமெரிக்காக்காரர் சொன்னதும் பட்டது.

போன பொங்கலுக்கு மறுநாள் மீண்டும் பாட்டி வீட்டுக்குப் போனோம். பழம், ஒரு போர்வை, இரண்டு பெரிய நினைவட்டை. இந்த முறை வெட்டுவதில்லை, கேமராவை வைத்துவிட்டுச் சும்மா இருப்பது என்று பேசிவைத்துக்கொண்டோம். அதே இடத்தில் நாற்காலி போட்டோம். பாட்டி தானாகவே உளியை எடுத்துவந்தார். பேத்தி பவுடர் போட்டுவிட்டிருந்தாள்.

கேட்டோம். பாட்டி நிமிர்ந்து லென்ஸைப் பார்த்தார். உளியைக் கல்லில் மூன்று இழு இழுத்தார், மூன்றே. நகத்தில் வைத்துப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று பேசினார்: விடியக்காலம், பெரட்டு, வாளி, பிள்ளை. எங்கள் காணொளியில் இருந்த வரிசை, அதே சொற்கள், நாங்கள் ஒட்டிய இடங்களில்கூடத் தடுக்காமல். "நல்லாத்தான் இருந்தோம்" என்றபோது, இசை கிளம்பும் இடத்தில், தலையை லேசாக ஆட்டினார். பேத்தியின் கைப்பேசியில் அதை எத்தனை முறை பார்த்திருப்பாரோ.

"அப்புறம் பாட்டி?" என்றோம்.

"அப்புறம் என்ன தம்பி, அவ்வளவுதான்."

நேரம் பார்த்தோம். நாற்பது விநாடி ஆகியிருந்தது. பாட்டி உளியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, கோழிக்குத் தீனி போட நேரமாகிவிட்டது என்று பின்கட்டுக்குப் போனார். கேமராவை யாரும் நிறுத்தவில்லை. நாற்காலியும் வேலியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிவாகியிருக்கின்றன.