திருட்டு என்றே எழுதட்டும்

ஆய்விதழ்கள் திரும்பப் பெறும் கட்டுரைகளுக்காக உயர்கல்வி நிறுவனங்களின் மதிப்பெண்ணைக் குறைக்கும் முறையை மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2025-இல் கொண்டுவந்திருக்கிறது. அடையாறு, கிண்டி, தரமணி என்று ஆய்வு நிறுவனங்கள் அடுத்தடுத்து நிற்கும் சென்னைக்கு இது அயலார் விவகாரம் அல்ல. நோக்கத்தில் குறையில்லை. ஆனால், எழுத்துத் திருட்டு அம்பலமானாலும் கட்டுரையை நீக்கவிடாமல் இதழை நெருக்கும் ஆசை இனி நிர்வாகங்களுக்கு வரும். இதழ்களோ ஏற்கெனவே மெத்தனத்துக்குப் பேர்போனவை: திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவரின் பெயரில் திருட்டும் புனைவுமாக எழுபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் 2004 முதல் 2007 வரை பன்னாட்டு இதழ்களில் வெளிவந்தன, அத்தனை நடுவர்களும் எதைப் படித்தார்களோ! விதியும் கைகொடுக்காது: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. ஒற்றுமையைக் கண்டறியும் மென்பொருளும் சொற்களைத்தான் எண்ணும், சொல் மாற்றிக் களவாடிய கருத்து அதன் கண்ணில் படுவது அரிது. ஆகவே முடிவு இதழாசிரியரின் கையில்தான். நீக்கக் குறிப்பில் ‘ஆசிரியரின் வேண்டுகோளின்படி’ என்று மழுப்பாமல், எங்கிருந்து எது எடுக்கப்பட்டது என்பதை அவர் பதிவுசெய்ய வேண்டும். திருட்டு என்று குறிப்பு சொல்லும் கட்டுரைக்கு மட்டுமே தரவரிசை மதிப்பெண்ணைக் குறைக்கட்டும். தன் பிழையைத் தானே கண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்ற ஆய்வாளரின் நிறுவனத்தைத் தண்டிக்கும் விதியை அடுத்த பட்டியலுக்குள் கைவிட வேண்டும்.